கொம்பில் தடுக்கிய வாசிப்பு: மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

'காடு' என்று எழுதிக் காட்டினால் 'கரடு' என்பாள். 'கொடி' என்று எழுதினால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு 'கரடி' என்பாள். 'பேனா' என்று எழுதினால் வாயே திறக்கமாட்டாள். ஆனால் அ முதல் ஃ வரையும் க முதல் ன வரையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பாள். முதல் பக்கத்துப் பாட்டை விரல் வைத்துக்கொண்டு பிசகில்லாமல் 'படிப்பாள்'. படத்தை மறைத்து, பாட்டின் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினால் நின்றுவிடுவாள். மூன்றாம் வகுப்புச் சிறுமி. பெயரைச் சொல்லாமல் சிறுமி என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

"எழுத்து அறிமுகம் இல்லை" என்று பதிவேட்டில் ஒரே வரியில் எழுதி முடித்துவிடக்கூடிய குழந்தை இவள். அந்த வரி இவளுக்கு அநியாயம் செய்கிறது. மேலே சொன்ன பிழைகளை இன்னொரு முறை பாருங்கள். 'காடு' என்பதில் துணைக்காலை 'ர' என்று எடுத்துக்கொண்டால் க, ர, டு. 'கொடி'யில் முன்னால் நிற்கும் கொம்பை விட்டுவிட்டு, பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டால் க, ர, டி. கண்ணில் பட்டதை வரிசை தவறாமல் படித்திருக்கிறாள். அவளிடம் ஒரு முறை இருந்தது, ஆனால் அது தமிழ் எழுத்தின் முறை இல்லை. இந்த ஆய்வு முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியது. கையால் செய்யும் செயல்பாடுகள் அதை எப்படி மூடின, எவை மூடவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன்.

பள்ளியும் ஆண்டும்

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்புகளுக்கும் தலைமை ஆசிரியரும் நானும் மட்டுமே. முதல் மூன்று வகுப்புகள் என்னிடம், ஒரே அறையில். ஆண்டு 2022-23.

அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்த குழந்தைகளின் கதை தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பெயர் மட்டும் இருந்தது, வகுப்பறை இல்லை. இரண்டாம் வகுப்பு பாதியில் தொடங்கி 2022 ஜனவரியில் மறுபடியும் தடைபட்டது. குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின்படி, இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடிய மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் நாட்டின் கிராமப்புறங்களில் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5 விழுக்காடு. பெருந்தொற்றுக்கு முன்பும் நிலைமை நன்றாக இல்லை என்பதை இந்த எண்களிலேயே பார்க்கலாம். எங்கள் சிறுமியின் சிக்கலுக்குப் பள்ளி மூடியதை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அவளைப் போலத் தடுக்கும் குழந்தைகளை அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன்.

2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. ஒன்று முதல் மூன்று வகுப்பு வரை உள்ள குழந்தைகளை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. சிறுமி அரும்பில் இருந்தாள். வகுப்பறைக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் புதிது அல்ல. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில், ஆணையர் எம்.பி. விஜயகுமார் முயற்சியில், ஆந்திரத்தில் உள்ள ரிஷி வேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலம் முழுக்க வந்தது. சுவரைச் சுற்றிக் குழந்தைகளின் உயரத்தில் இருக்கும் கரும்பலகைகள் அந்தக் காலத்தில் வந்தவை. எங்கள் அறையிலும் இருக்கின்றன. இந்த ஆய்வில் வரும் பாதி வேலை அந்தப் பலகைகளில்தான் நடந்தது.

செயல்வழிக் கற்றல் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் போக வழி கொடுத்தது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அட்டைக்குக் காது கிடையாது. குழந்தை 'கரடி' என்று சொன்னது ஏன் என்று அட்டையால் கேட்க முடியாது. செயல்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும், குழந்தை தடுக்கும் இடத்தைத் தொடவில்லை என்றால் கை வேலை செய்யும், வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும்.

தடுக்கும் இடத்தைத் தேடியது

முதலில் கண்ணும் காதும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினோம், இரண்டிலும் குறை இல்லை. வாசிப்பில் பின்தங்கும் எந்தக் குழந்தைக்கும் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும் என்பேன்.

அப்புறம் நான்கு தாள்கள். ஒன்றில் தனி எழுத்துகள். இரண்டாவதில் படம், மரம், நகம், பட்டம் போல எந்தக் குறியும் ஏறாத சொற்கள். மூன்றாவதில் காலும் விலங்கும் (இ, ஈ ஒலிக்கு எழுத்தின் மேல் வரும் குறி) ஏறிய காடு, பாட்டி, கிளி, மீன். நான்காவதில் கொம்பு ஏறிய தேன், கொடி, பேனா, மழை, கோழி. சரி, தவறு என்று குறி போடாமல், அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நான்கு தாள்களுக்கும் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இரண்டாவது தாளை மெதுவாக, ஆனால் முழுக்கப் படித்தாள். மூன்றாவதில் கிளியும் மீனும் வந்தன. விலங்குக் குறி எழுத்தோடு ஒட்டியே இருப்பதால் அவளுக்கு அது ஒரே உருவம். கால் தனியாக நிற்கிறது, அங்கேதான் 'ர' வந்தது. 'பாட்டி'யில் 'பர' என்று தொடங்கிப் பாதியில் விட்டாள். நான்காவது தாளில் 'கொடி'யைத் தவிர எல்லாவற்றுக்கும் மௌனம்.

அந்த மௌனத்தை நான் நெடுநேரம் யோசித்தேன். 'கரடு' அவளுக்குத் தெரிந்த சொல், ஊருக்கு வெளியே கல்லும் முள்ளுமாக ஒரு கரடு இருக்கிறது. 'கரடி'யும் தெரிந்த சொல். அதனால் சத்தமாகச் சொன்னாள். 'பேனா'வை அவள் முறையில் படித்தால் 'பனர' என்று வரும். அப்படி ஒரு சொல் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அதனால் வாயை மூடிக்கொண்டாள். பொருள் வராததைப் படிப்பு என்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாசகிக்கு வேண்டிய முதல் குணம் அவளிடம் ஏற்கெனவே இருந்தது.

பிறகு எழுத்தே இல்லாமல், காதுக்கு மட்டும் ஒரு சோதனை. 'பட்டறை' என்று சொல்லி, சொல்லை உடைத்து ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொன்னேன். பட், ட, றை. மூன்று வைத்தாள். 'வெங்காயம்' என்றதற்கும் மூன்று. தேனும் தேங்காயும் ஒரே மாதிரி ஆரம்பிக்குதா என்றால் ஆமாம் என்று தலையாட்டினாள். "த இருக்குல்ல, அதை தே ஆக்கு பார்ப்போம்" என்றபோது முழித்தாள். துண்டு வரை காது போகிறது. துண்டுக்குள் இருக்கும் மெய்யையும் உயிரையும் பிரிக்கக் காது இன்னும் பழகவில்லை.

இது அவளிடம் மட்டும் இருக்கும் குறை அல்ல. கன்னடக் குழந்தைகளிடம் ஆராய்ந்து சொனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை இதையே சொல்கிறது: அசையைப் பிரிக்கும் திறன் சீக்கிரம் வந்துவிடுகிறது, அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெல்லத்தான் வருகிறது. எழுத்துகளை முழுக்கக் கைவசப்படுத்த ஒன்றிரண்டு ஆண்டுகள் போதவில்லை. கன்னடம் போலவே தமிழிலும் உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரே எழுத்தாக நிற்பதால் அந்த முடிவு நம் வகுப்புக்கும் பொருந்துகிறது. நாம்தான் ஒன்றாம் வகுப்பு முடிவதற்குள் 247 எழுத்தையும் முடித்தாக வேண்டும் என்று அவசரப்படுகிறோம்.

கொம்பின் கணக்கையும் பாருங்கள். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிரும் மெய்யோடு சேரும்போது எழுத்துக்கு இடப்பக்கம் ஒரு கொம்பு வருகிறது. 18 மெய்க்கும் கணக்கிட்டால் 108 எழுத்துகள், அதாவது 216 உயிர்மெய்யில் சரிபாதி. காது முதலில் கேட்பது மெய்யை, கண் முதலில் பார்ப்பது உயிரின் குறியை. பெரியவர்களான நமக்கு இது உறைப்பதே இல்லை. இடமிருந்து வலம் படி என்று ஓயாமல் சொல்லிக்கொடுத்த குழந்தைக்கு முன்னால், இடப்பக்கம் நிற்கும் குறியைக் கடைசியில் சொல் என்று யாரும் சொல்லாமலே ஓர் எழுத்தை நீட்டுகிறோம். உ, ஊ வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறி ஒவ்வொரு விதமாக மாறுகிறதே என்று கேட்கலாம். அதுவும் சிரமம்தான், ஆனால் அங்கே குறி எழுத்தோடு ஒட்டியிருக்கிறது. இந்தச் சிறுமிக்கு அது பெரிய தடையாக இருக்கவில்லை.

ஆக, அவள் தடுக்கும் இடங்கள் மூன்று: காலும் ரகரமும் ஒன்றாகத் தெரிவது, எழுத்துக்குள் இருக்கும் உயிர் காதில் பிரியாதது, கொம்பின் வரிசை.

காலும் ரகரமும்

எளிதில் தீர்ந்தது இதுதான். அச்சில் ரகரத்துக்குக் கீழே சாய்வாக ஒரு வால் உண்டு, துணைக்காலுக்கு இல்லை. கரும்பலகையில் எழுதும்போது நம்மில் பலர் அந்த வாலை விட்டுவிடுகிறோம். பக்கத்து எழுத்தை வைத்து நாம் புரிந்துகொள்வோம், குழந்தையால் முடியாது. அறையில் இருந்த எல்லா எழுத்திலும் ரகரத்துக்கு வால் போட்டேன். தலைமை ஆசிரியரிடமும் சொன்னேன்.

கூடவே உப்புத்தாளில் இரண்டு உருவமும் வெட்டி அட்டையில் ஒட்டினேன். உப்புத்தாள் எழுத்தைத் தடவிப் பழகுவது மாண்டிசோரி முறை. மரியா மாண்டிசோரியே 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தியிருக்கிறார். அந்த முறையில் எல்லா எழுத்தையும் தடவுவார்கள். எனக்கு இரண்டே போதுமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவி, வால் இருந்தால் 'ர', இல்லாவிட்டால் 'கால்' என்று சொல்ல வேண்டும். காலுக்கு ஒலியே கிடையாது, முன்னால் இருக்கும் எழுத்தை அது நீட்டும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொடுத்தேன். சில நாளில் 'காடு' காடானது.

நீட்டிப் பிடித்தல்

இரண்டாவது தடைக்குப் பொருள் எதுவும் வேண்டாம், குரல் போதும். 'தே' என்று சொல்லி, மூச்சு முட்டும் வரை நீட்ட வேண்டும். கடைசியில் வாயில் என்ன நிற்கிறது?

"ஏ டீச்சர்!"

'கோ'வை நீட்டினால் ஓ. 'மை'யை நீட்டினால் ஐ. நெடிலில் தொடங்கினேன், குறிலை நீட்ட முடியாது என்பதால். உயிர்மெய் எழுத்தை நீட்டினால் மெய் கரைந்து உயிர் மட்டும் மிஞ்சும். எழுத்துக்குள் உயிர் ஒளிந்திருக்கிறது என்று வாயால் விளக்குவதைவிட, அதைக் குழந்தையின் தொண்டையிலேயே கண்டுபிடிக்கவைப்பது மேல். இந்த விளையாட்டை முழு அறையும் ஆடியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், கொஞ்சம் இரைச்சல்தான்.

நீட்டப் பழகியதும் மாற்றப் பழகினோம். தரையில் இரண்டு கட்டம். சோவியத் உளவியலாளர் எல்கோனின் ஒலிக்கு ஒரு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வில்லையை நகர்த்தச் சொல்வார். அவர் மொழிக்கு அது பொருந்தும். நம் பிள்ளைகளுக்கு நேராக ஒலியில் தொடங்கினால் கடினம் என்பதால், முதலில் அசைக்கு ஒரு கட்டம் வைத்தேன். 'காடு', 'கூடு', 'கூடை' என்று நான் சொல்லச் சொல்ல, மாறிய இடத்தில் இருக்கும் புளியங்கொட்டையைச் சிறுமி திருப்பிப் போட வேண்டும். எந்தக் கட்டத்தில் மாற்றம், முன்னாலா பின்னாலா என்று கேட்டால் முதலில் குழம்பினாள். காது நுணுக்கமாக, அந்தக் குழப்பம் தானாகப் போனது. அவசரப்பட்டு எழுத்தை உள்ளே கொண்டுவராமல் இருந்ததே இதில் முக்கியம்.

விரல் விதி

கொம்புக்கு வருகிறேன். இந்த ஆய்வில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வேன்.

பழைய தினசரி நாட்காட்டி அட்டையில் மூன்று சின்னப் பைகள் ஒட்டினேன், கல்யாணப் பத்திரிகைத் தாளை மடித்து ஒட்டினாலே பை ஆகிவிடும். நடுப் பையில் எழுத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் குறிகள். விதி ஒன்றுதான்: எழுத்தை முதலில் வை, வாயால் சொல், பிறகுதான் கொம்பை எடு. 'தே' செய்ய வேண்டுமானால் த நடுவில் போகும். "த" என்பாள். பிறகு கை பின்னால் போய் இரட்டைக்கொம்பை இடப்பக்கம் வைக்கும். "தே" என்பாள். 'தோ' என்றால் அதோடு வலப்பக்கம் காலும் வரும். கையின் வரிசையும் காதின் வரிசையும் ஒன்றாகிவிட்டன. எழுதும்போது கொம்பை முதலில் போடுவோம் என்பது அவளுக்குத் தெரியும், ஆனால் எழுத்து உருவாவது அந்த வரிசையில் இல்லை என்பது இந்தப் பைகளில்தான் தெரிந்தது.

அடுத்து வாசிப்பு. ஒற்றை விரலை ஓட்டிப் படிப்பதுதான் அவளைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றியது. ஒரு விரல் வைத்தால் கொம்பின் மேல் நிற்கும், அங்கே சொல்வதற்கு ஒலி இல்லை. அதனால் விரல்களைக் கூட்டினோம். குறி இல்லாத எழுத்துக்கு ஒரு விரல். கொம்பைக் கண்டால் இரண்டு விரல், கொம்பின் மேல் ஒன்று, எழுத்தின் மேல் ஒன்று. பின்னால் காலும் இருந்தால் மூன்று விரல். விரல்கள் எல்லாம் ஊன்றிய பிறகுதான் வாய் திறக்க வேண்டும். கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்துக்குக் கண் தாவ வேண்டும் என்பதைச் சொல்லிப் பழக்குவது கடினம். விரல் அதைத் தானாகச் செய்துவிடுகிறது.

'கொடி': மூன்று விரல், பிறகு ஒரு விரல். கொ, டி.

முதல் முறை 'கொடி' வந்தபோது அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அட்டையையே பார்த்தபடி மறுபடியும் விரல்களை ஊன்றி இன்னொரு முறை படித்தாள்.

ஊரில் மாலை நேரத்தில் இல்லம் தேடிக் கல்வி மையம் நடந்துகொண்டிருந்தது. அங்கே கற்பித்த தன்னார்வலரிடம் இந்த விரல் விதியை மட்டும் சொன்னேன். நாங்கள் இருவரும் வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் குழந்தை இரண்டுக்கும் நடுவில் மாட்டியிருப்பாள். அவர் அதை ஒரு வார்த்தை மாறாமல் பின்பற்றினார்.

கைகொடுக்காதவை

தரையில் எழுத்துக் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவது எல்லாருக்கும் பிடித்த செயல்பாடு. படம் எடுத்துப் போட்டாலும் நன்றாக இருக்கும். எங்கள் அறையில் பிள்ளைகள் அதற்காகவே காலையில் சீக்கிரம் வந்தார்கள். ஆனால் சிறுமி எழுத்தைப் பார்த்துக் குதிக்கவில்லை, கட்டத்தின் இடத்தைப் பார்த்துக் குதித்தாள். 'கே' எங்கே என்றால் இரண்டாம் வரிசை ஓரம். எழுத்தை அழித்துவிட்டுக் கேட்டாலும் அதே கட்டத்துக்குத்தான் போயிருப்பாள். அதனால் தினமும் எழுத்துகளை இடம் மாற்றி எழுதத் தொடங்கினோம். அதன் பிறகுதான் அது வாசிப்பு விளையாட்டானது. உயிர்மெய் வரிசையைச் சுவரில் எழுதி வைத்துப் பாட்டாகச் சொல்லவைப்பதிலும் இதே ஆபத்து உண்டு. வரிசை பழகும், உருவம் பழகாது.

எழுத்து வடிவில் விதைகளை ஒட்டுவது, எழுத்துக்குள் வண்ணம் தீட்டுவது போன்றவை கைக்கு நல்லவை. ஒன்றாம் வகுப்பில் விரல் பழகுவதற்கு உதவும். இந்தச் சிறுமிக்குத் தேவை அது அல்ல. கொம்பு ஒட்டி முடித்த கையோடு அதைச் சத்தமில்லாமல் மூடி வைத்துவிட்டால், நேரம்தான் போகும்.

இதே குழுவில் இருந்த ஒரு பையனையும் இங்கே சொல்ல வேண்டும். அரும்பு நிலையிலேயே இருந்தான், பதிவேட்டில் இருவருக்கும் ஒரே குறி. அவனுக்குக் கொம்பில் சிக்கலே இல்லை. 'கோ', 'ழி' என்று இரண்டையும் சரியாகச் சொல்வான். கோழி என்று சேர்த்துச் சொல்லமாட்டான். ஒவ்வொரு எழுத்துக்கும் அவ்வளவு மெனக்கெட்டதில், இரண்டாவது எழுத்து வருவதற்குள் முதல் எழுத்து மறந்துவிடும். விரல் விதி அவனை இன்னும் மெதுவாக்கியது. அவனுக்கு வேண்டியது நேர் எதிரானது: பழகிய சொற்களைக் காகிதப் பட்டையில் எழுதி ஒரே பார்வையில் சொல்லவைப்பது, நான் ஒரு வரி படிக்க அவன் கூடவே படிப்பது, அதே வரியை அடுத்த நாளும் படிப்பது. எழுத்திலிருந்து எழுத்துக்குப் போகும்போது குரலை அறுக்காமல் இழுத்துக்கொண்டே போவதும் அவனுக்கு உதவியது. ஒரே நிலை, ஒரே அறை, ஒரே பாடநூல். தடுக்கும் இடம் வேறு என்பதால் கைமருந்தும் வேறானது.

பட்டறைப் புத்தகம்

கொம்பெழுத்துகள் வந்துவிட்டன என்றாலும் அட்டையில் படிப்பது வாசிப்பு ஆகிவிடாது. பாடநூல் பத்தி அவளுக்கு இன்னும் எட்டவில்லை. அதனால் அவள் சொல்வதையே எழுதிப் புத்தகமாக்கினோம். பழைய நோட்டில் மிஞ்சிய தாள்களைத் தைத்தது. வாரத்தில் சில நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம். ஏதாவது சொல் என்றதும் அவள் சொன்ன முதல் சேதி:

"எங்க அப்பா வெங்காயத்துக்குப் பட்டறை போட்டாங்க. மழை பேஞ்சுது. தண்ணி உள்ள போகல."

பட்டறை என்றால் எங்கள் பக்கம் அறுவடை செய்த சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமாகச் சேர்த்துவைக்கும் படல். விலை ஏறும் வரை அதில்தான் கிடக்கும். மழை உள்ளே போனால் அழுகிவிடும். அந்த மூன்று வரியில் ஒரு குடும்பத்தின் கவலையும் நிம்மதியும் இருந்தது. என் கண் வேறொன்றையும் பார்த்தது. வெ, போ, றை, ழை, பே. அவள் தடுக்கிய எழுத்துகள் எல்லாம் அவள் வாயாலேயே வந்துவிட்டன. இப்படி ஒரு பயிற்சிப் பத்தியை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

அவள் சொன்னபடியே பேச்சுத் தமிழில் எழுதினேன். தலைமை ஆசிரியருக்கு அதில் தயக்கம்.

"டீச்சர், பேச்சுல உள்ளதை அப்படியே எழுதிப் பழக்கிட்டா, அப்புறம் மாத்துறது கஷ்டமாச்சே?"

"மொதல்ல அவ சொன்னதுதான் தாள்ல இருக்குன்னு அவளுக்குத் தெரியட்டும் சார். மாத்துறதை அவளை வச்சே செய்வோம்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 'போட்டாங்க' என்று வாய் சொல்ல, 'போட்டார்கள்' என்று தாளில் இருந்தால், விரலும் வாயும் பொருந்தாது. சேர்த்துப் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்தப் பொருத்தம் மிக அவசியம். அதே சமயம் பாடநூல் எழுத்துத் தமிழில்தான் இருக்கிறது. அதனால் இடப்பக்கம் அவள் சொன்னது, வலப்பக்கம் காலியிடம். ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் படித்துவிட்டாள் என்றால், அதே சேதி பாடப் புத்தகத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் பேசி வலப்பக்கம் எழுதுவோம். மழை பெய்தது. தண்ணீர் உள்ளே போகவில்லை. 'போகல' என்பதும் 'போகவில்லை' என்பதும் ஒன்றே என்று தெரிந்த பிறகு, பாடநூலில் 'வரவில்லை', 'இல்லை' எல்லாம் அவளுக்குப் பழகிய முகங்களாயின. தலைமை ஆசிரியரே பின்னர் தன் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் செய்து பார்த்தார்.

வெங்காய அறுவடை நடக்கும் வாரங்களில் சிறுமி சில நாள் வரமாட்டாள், வெங்காயத் தாள் அரியும் வேலைக்குப் போகும் அம்மாவோடு தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போய்விடுவாள். திரும்பி வந்ததும் பாடத்தில் எங்கே விட்டோம் என்ற தேடல் இல்லாமல், தன் புத்தகத்தை எடுத்துத் தன் பக்கத்திலிருந்து தொடங்கினாள். வராத நாட்களின் சேதியும் அதில் ஏறியது.

ஐந்தாம் வகுப்பு அக்கா

ஒரே அறையில் மூன்று வகுப்பு இருக்கும்போது, ஒரு குழந்தையின் அருகில் தினமும் உட்கார ஆசிரியருக்கு நேரம் கிடைப்பது கடினம். இதை மறைத்துவிட்டு எழுதப்படும் செயல்பாட்டுக் கையேடுகள் எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு உதவா. எங்களுக்கு உதவியவள் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இடைவேளையில் சிறுமியின் பட்டறைப் புத்தகத்தைச் சேர்ந்து படிப்பாள். அவளுக்கு நான் சொன்னது ஒன்றே: தடுக்கினால் உடனே சொல்லிவிடாதே, விரலை மட்டும் காட்டு.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். சென்னை எழும்பூரில் ராணுவ அனாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையும் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிப்பதையும் தன் விடுதியில் செய்து பார்த்து, 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். அது அங்கே 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது. அதில் பெரிய பிள்ளையைச் சின்ன ஆசிரியராக்கி நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் ஒப்பிக்கவைத்தார்கள். ஒருத்திக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்காரும் எங்கள் ஏற்பாட்டில் ஒப்பித்தல் இல்லை, கேட்பது மட்டும்தான். சிறுமி என்னிடம் தவறாகப் படிக்கக் கூச்சப்பட்டாள். அக்காவிடம் கூச்சப்படவில்லை, அதனால் அவளிடம் நிறையப் படித்தாள்.

ஆண்டு முடிவில்

மூன்றாம் பருவம் முடியும்போது அதே நான்கு தாள்களைக் கொடுத்தேன். நான்கையும் படித்தாள். 'பேனா'வில் ஒரு கணம் நின்று, விரல்களை ஊன்றாமல் கண்ணாலேயே அளந்து சொன்னாள். புதிய சிறு பத்தி ஒன்றையும் கொடுத்தேன், இரண்டாம் வகுப்பு அளவில். மெதுவாகப் படித்து, அதில் யார் எங்கே போனார் என்ற கேள்விக்குப் பதில் சொன்னாள். மலர் நிலைக்கு அவள் வரவில்லை. மொட்டு என்று பதிந்தேன்.

பாக்கியும் இருக்கிறது. 'எடுத்துக்கொண்டார்கள்' போன்ற நீண்ட சொல்லில் நடுவே வரும் ஒற்றெழுத்தை விழுங்கிவிடுகிறாள். 'கெ'க்கும் 'கே'க்கும் இடையில் அவசரத்தில் மாறிப்போகிறது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சின்ன அச்சில் அவள் கண்ணுக்கு இன்னும் நெருக்கமாகவே தெரிகின்றன. ஔகாரம் கிட்டத்தட்ட வரவே இல்லை. அதன் வலப்பக்கத்தை ளகரமாகப் படிக்கிறாள். அடிக்கடி வரும் எழுத்து இல்லை என்பதால் நான் அதில் நேரம் செலவிடவில்லை.

நான்காம் வகுப்பில் அவள் தலைமை ஆசிரியரிடம் போகிறாள். அவரிடம் கொடுத்த குறிப்பில் மதிப்பெண் எழுதாமல் இவற்றை எழுதினேன்: நீண்ட சொற்களை ஒற்று வரும் இடத்தில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். விரல் விதியை அவளாக விட்டுவிட்டாள், திரும்பக் கட்டாயப்படுத்த வேண்டாம். பட்டறைப் புத்தகத்தில் இன்னும் சில தாள்கள் மிச்சம் உள்ளன. எழுதும்போது லகரமும் ளகரமும் மாறுகின்றன, வாசிப்பில் பொருள் மாறவில்லை. ஆகவே அவள் சத்தமாகப் படிக்கும்போது அதற்காக நிறுத்த வேண்டாம் சார், எழுத்து வேலையின்போது தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.